சமவெளியில் மலைச் சைக்கிள்: டிஸ்க் பிரேக் ஏன் உரசுகிறது?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் சாலையில் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். மேடு என்று சொல்ல வாய்க்கால் மதகும் ஆற்றுப் பாலமும்தான். மற்றபடி இரண்டு பக்கமும் வயல். இந்தச் சமவெளியில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் சாலையைப் பார்த்தால் மலைச் சைக்கிள்கள் நிறையக் கண்ணில் படும். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், சக்கரத்தின் நடுவே துளைகள் போட்ட மெல்லிய எஃகுத் தட்டு. ‘டிஸ்க் வச்ச சைக்கிள்’ என்று கேட்டு வாங்கிய பிள்ளைகள் அதில் போகிறார்கள். அந்த வண்டிகளில் பலவற்றிலிருந்து ஒரு சத்தமும் கூடவே போகிறது.

“டிஸ்க் உரசுது” என்று கடையில் கொண்டுவந்து நிறுத்தினால் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். பிரேக் ஒயரைக் கொஞ்சம் லூஸாக விட்டு அனுப்பிவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். ஆனால் பிரேக் பிடியைக் கைப்பிடி வரை இழுத்தாலும் வண்டி நிற்காது. லாரியும் டவுன் பஸ்ஸும் ஓடும் குறுகலான சாலையில் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இதைவிட ஆபத்தான ‘ரிப்பேர்’ வேறில்லை. உரசலின் காரணம் பெரும்பாலும் டிஸ்க்கில் இருப்பதில்லை. டிஸ்க்கைத் தாங்கும் அச்சு, ஹப், ஃபோர்க், ஒயர் இவற்றில்தான் இருக்கிறது. அங்கிருந்து தேடத் தொடங்கினால் வேலை சுலபம், செலவும் குறைவு.

முதலில் இந்த பிரேக்குக்கு உரசும் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். 26 அங்குல மலைச் சைக்கிளில் டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். டிஸ்க்கின் விட்டமோ வழக்கமாக 160 மில்லிமீட்டர். சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து நிறுத்துவதற்குப் பதிலாக நடுவுக்கு அருகில் பிடித்து நிறுத்துவதால், அதே வேகத்தை அடக்க ஏறக்குறைய மூன்றரை மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. அழுத்துவதோ அதே கை, அதே பிடி. நெம்புகோலில் விசையைப் பெருக்கினால் நகரும் தூரம் அதே விகிதத்தில் சுருங்கும். ஆகவே டிஸ்க்கை அழுத்தும் பேட் சிறிது தூரமே நகர முடியும், டிஸ்க்குக்கு மிக அருகிலேயே அது காத்திருக்க வேண்டும். ரிம் பிரேக்கில் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். டிஸ்க்கில் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. டிஸ்க்கின் கனமே புதிதில் 1.8 மில்லிமீட்டர்தான்.

இவ்வளவு நெருக்கத்தில் ஓடும் ஒரு தட்டு எப்போதாவது தொட்டுவிடுவதில் வியப்பில்லை. உலகின் முதல்தர வீரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நான்கு முறை வென்ற கிறிஸ் ஃபுரூம் 2021 தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு காணொளியில் டிஸ்க் பிரேக் மேல் தனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்றார். அவர் சொன்ன குறைகளில் பல நம் ஊர்க் கடைக்கும் வருபவைதான்: இடைவெளி மிகக் குறைவு, பேட்டைத் தள்ளும் பிஸ்டன்கள் ஒழுங்காகப் பின்வாங்குவதில்லை, நீண்ட இறக்கத்தில் டிஸ்க் சூடேறி நெளிகிறது, எங்கோ ஓரிடத்தில் உரசிக்கொண்டே இருக்கிறது. முழுநேர மெக்கானிக்குகள் கூடவே வரும் அணியின் வீரர் சொன்னது அது.

டிஸ்க் பிரேக் புதிய சரக்கு அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காருக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகுதான் கார் உலகம் அதை மதித்தது. மலைச் சைக்கிளில் அது நிலைபெற்றது 1990-களின் பிற்பகுதியில். 1949-இல் தொடங்கிய சென்னையின் டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவின் ஹீரோ போன்ற நிறுவனங்கள் விலை குறைந்த வண்டிகளிலும் அதைப் பொருத்தத் தொடங்கியதும் காவிரி டெல்டாவின் சிற்றூர்களுக்கும் அது வந்து சேர்ந்தது. பட்டறைகள் மட்டும் பழைய வண்டிகளுக்கு ஏற்றபடியே இருந்தன. அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியையும், அப்பா காலத்து கறுப்பு சைக்கிளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓவராயில் செய்யும் கைகள் அவை. போக்ஸ் கம்பியைத் திருகி ரிம்மின் பெண்டை எடுப்பதில் அவர்களுக்கு இணையில்லை. டிஸ்க்கில் திருக போக்ஸ் கம்பி கிடையாது.

சைக்கிள் கடைக்காரர் கைவிரித்தால் அடுத்து போகும் இடம் பைக் மெக்கானிக். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானபின் டிஸ்க் பிரேக் அவருக்கு அன்றாட வேலை. ஆனால் பைக்கில் பேட்டைத் தாங்கும் கேலிப்பர் பெரும்பாலும் இரண்டு ஊசிகளின் மேல் இப்படியும் அப்படியும் வழுக்கும்படி அமைந்திருக்கும். டிஸ்க் எங்கே இருக்கிறதோ அங்கே தானாகவே நகர்ந்து நடுவில் நின்றுகொள்ளும். டிஸ்க்கும் சைக்கிளுடையதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். சைக்கிள் கேலிப்பரோ இரண்டு போல்ட்டால் சட்டத்தோடு இறுக்கி வைக்கப்பட்டது. அது எங்கும் நகராது. அதை நடுவில் நிறுத்துவது மனிதர் வேலை. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால்தான் கைதேர்ந்த பைக் மெக்கானிக்கும் சைக்கிள் டிஸ்க்கில் தடுமாறுகிறார்.

கழற்றுவதற்கு முன் காதால் கேட்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால், ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘சரக்… சரக்…’ என்று விட்டுவிட்டு வந்தால் டிஸ்க் ஓரிடத்தில் வளைந்திருக்கிறது. விடாமல் ‘சர்ர்ர்’ என்று ஒரே சீராக வந்தால் டிஸ்க் நேராக இருக்கிறது, கேலிப்பரோ சக்கரமோ கோணலாக இருக்கிறது. தூக்கிச் சுற்றும்போது சத்தமே இல்லாமல், ஏறி உட்கார்ந்து மிதிக்கும்போதும் திருப்பத்தில் சாயும்போதும் மட்டும் வந்தால் ஹப்பின் கோன் லூஸ், அல்லது அச்சு நட்டு இறுகவில்லை. பிரேக் பிடித்து விட்டபின் சிறிது தூரம் உரசி அடங்கினால் ஒயர் இறுகிப்போயிருக்கிறது, எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் ஆனால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நான்கு சத்தத்தையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லா உரசலுக்கும் பதற வேண்டியதில்லை. சுற்றிவிட்ட சக்கரம் லேசான சத்தத்தோடு வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த உரசல் மிதிப்பவரின் பலத்தைத் தின்னாது. புதுப் பேட் பழகும்வரை அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று சுற்றில் சக்கரம் நின்றுவிட்டால்தான் பிடித்து இழுக்கிறது என்று பொருள்.

டெல்டாவில் இந்தக் கோளாறு வரும் வழிகளில் சில இந்த மண்ணுக்கே உரியவை. சைக்கிளில் செயின் வலப்பக்கம், டிஸ்க் இடப்பக்கம். சைடு ஸ்டாண்டும் இடப்பக்கம். மழைக்காலத்தில் களிமண் தரையில் ஸ்டாண்டு போட்டால் அது மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும், வண்டி இடப்பக்கமாகச் சாயும். அடியில் கல்லோ பக்கத்து வண்டியின் பெடலோ இருந்தால் அடி நேராக டிஸ்க்கில் விழும். பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டில் நெருக்கியடித்து நிறுத்திவிட்டு மாலையில் பிடுங்கி எடுக்கும்போதும் இதேதான். ஒரு சிறிய பலகைத் துண்டையோ தட்டைக் கல்லையோ ஸ்டாண்டுக்கு அடியில் கொடுப்பது பெரிய செலவில்லாத தற்காப்பு.

அடுத்தது அறுவடைக் காலம். அறுவடை மிஷின்கள் வயலிலிருந்து ஏறும் இடத்தில் சாலையெங்கும் சேறு கட்டியாகக் கிடக்கும். பல ஊர்களில் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே காயும். வைக்கோல் இழை அச்சில் சுற்றி, டிஸ்க்குக்கும் கேலிப்பருக்கும் நடுவில் நுழைந்தால் வரும் சத்தம் பெரிய கோளாறு போலவே கேட்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது. வண்டல் மண்ணின் நுண்துகள் பேட்டில் பதிந்து டிஸ்க்கைத் தேய்க்கவும் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடும் வண்டிக்குப் பேட் சீக்கிரம் தீர்வது இதனால்தான்.

ஆயுத பூஜையையும் சொல்ல வேண்டும். அன்று சைக்கிளைக் கழுவி, செயினிலிருந்து கண்ணில் பட்ட பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். ஹேண்டில் பாரிலும் சட்டத்திலும் வைக்கலாம். டிஸ்க்கிலும் கேலிப்பரிலும் எண்ணெய்த் துளி பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்காது, பிடித்தாலும் கிரீச்சென்று கத்தும். எண்ணெய் பட்ட டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். செல்போன் ரிப்பேர் கடைகளில் புழங்கும் அதே திரவம்தான். பேட் மேல் பட்டிருந்தால் உப்புத்தாளில் மேற்பரப்பைத் தேய்த்துப் பார்க்கலாம், நிறைய ஊறியிருந்தால் மாற்றுவதுதான் வழி.

சரிசெய்யும் வேலையில் வரிசை முக்கியம். முதலில் சக்கரம். டெல்டாவின் பஞ்சர் கடைகளில் ஒட்டுப் போடும்போது பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றுவதில்லை, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்துக்கொள்வார்கள். டயரோ டியூபோ மாற்றும்போதுதான் சக்கரம் வெளியே வரும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தியே மறுபடி மாட்டி நட்டை முடுக்கினால் அச்சு ஒரு பக்கம் சற்றே உயர்ந்து நின்றுவிடலாம். ரிம் பிரேக்குக்கு அது பொருட்டல்ல. டிஸ்க்குக்கு அந்த ஒரு மில்லிமீட்டரே போதும். வண்டியை நேராகத் தரையில் நிறுத்தி, இரண்டு நட்டையும் தளர்த்தி, ஹேண்டில் பாரையோ சீட்டையோ மேலிருந்து அழுத்தி, அச்சு ஃபோர்க்கின் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்தபின் இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும். டயர் மாற்றியபின் தொடங்கிய உரசலில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். முன் சக்கர நட்டை நன்றாக இறுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது முன் அச்சை ஃபோர்க்கின் பள்ளத்திலிருந்து கீழ்நோக்கித் தள்ளும் விசை உண்டாகிறது. ரிம் பிரேக்கில் இது இல்லை. லூஸான நட்டு அங்கே உயிருக்கே ஆபத்து. இதனால்தான் விலை உயர்ந்த மலைச் சைக்கிள்களில் ஃபோர்க்கின் இரு முனைகளையும் ஊடுருவிச் செல்லும் தடித்த அச்சு வந்தது.

இரண்டாவது ஹப். டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘கடகட’ என்று ஆட்டம் தெரிந்தால் கோனைச் சரியாக வைத்து, பால்ஸ் தேய்ந்திருந்தால் மாற்றி, கிரீஸ் போட வேண்டும். ஹப் ஆடும்போது கேலிப்பரை எத்தனை முறை திருத்தினாலும் நிற்காது. இந்த வேலையில் நம் பட்டறைக்காரர்கள் வல்லவர்கள், புதிதாகக் கற்க எதுவுமில்லை.

மூன்றாவதாகத்தான் கேலிப்பர். விலை குறைந்த வண்டிகளில் வரும் ஒயர் டிஸ்க்கில் ஒரு பக்கப் பேட்தான் நகரும். உள்பக்கப் பேட் அசையாது. நகரும் பேட் டிஸ்க்கைத் தள்ளிக் கொண்டுபோய் அசையாத பேட்டில் மோதவைத்துப் பிடிக்கிறது. அதாவது ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் டிஸ்க் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதனால் அசையாத பேட்டை டிஸ்க்குக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் வைக்க வேண்டும். கேலிப்பரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் தளர்த்தி, உள்பக்கப் பேட்டின் திருகை டிஸ்க் தொடும்வரை முடுக்கி, பிடியை அழுத்திப் பிடித்தபடியே இரண்டு போல்ட்டையும் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்க வேண்டும். பிறகு அந்தத் திருகைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினால் இடைவெளி கிடைக்கும். ஒரு போல்ட்டை ஒரேயடியாக முடுக்கினால் கேலிப்பர் அதோடு சுழன்று கோணலாகிவிடும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முடுக்குவது அதற்காகத்தான். விசிட்டிங் கார்டைக் கீறி டிஸ்க்கின் இரு பக்கமும் செருகிக்கொண்டு இறுக்குபவர்களும் உண்டு, அதுவும் நல்ல முறையே. இந்த போல்ட்டுகளுக்கு பிரேக் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் சொல்லும் இறுக்கம் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். நீளமான பைப்பை மாட்டி முடுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

பின் சக்கரத்தின் ஒயரையும் இங்கே பார்த்துவிட வேண்டும். அது நெடுந்தூரம் வளைந்து வருவதால் உறைக்குள் மழைத்தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். பிடியை விட்டாலும் ஒயர் திரும்பாது, பேட் டிஸ்க்கிலேயே படுத்துக்கொள்ளும். உள் ஒயரும் உறையும் சேர்த்து மாற்றினால் ஒரு டீ, வடை செலவைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும். அதை விட்டுவிட்டு கேலிப்பரையே மாற்றிய வண்டிகள் இருக்கின்றன என்பது வருத்தமான செய்தி.

கடைசியாகத்தான் டிஸ்க்கில் கை வைக்க வேண்டும். ஹப்போடு அதைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டும் இறுக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும். நட்சத்திர முனை கொண்ட அந்த போல்ட்டுக்கு டி25 சாவி வேண்டும். ஆலன் கீயைச் செருகித் திருகினால் தலை வழுக்கிப்போகும். எதிரெதிராக உள்ளவற்றை மாற்றி மாற்றி இறுக்குவது முறை. அதன்பின்னும் ஓரிடத்தில் உரசினால், கேலிப்பரின் இடைவெளியைப் பார்த்தபடி சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, தொடும் இடத்தில் மார்க்கரால் குறி வைத்து, துடைத்துச் சுத்தம் செய்த அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் அந்த இடத்தைப் பிடித்து, மறுபக்கம் மிகச் சிறிதே வளைக்க வேண்டும். சற்று வளைத்துவிட்டுச் சுற்றிப் பார்ப்பது, மறுபடி சற்று வளைப்பது. ரிம் பெண்டு எடுத்துப் பழகிய கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். சுத்தியல் கூடாது. சுற்றும் டிஸ்க்கில் விரல் வைக்கவே கூடாது, துளைகளின் விளிம்பு விரலைத் துண்டிக்கும் அளவுக்குக் கூர்மையானது. இறக்கத்தில் வந்து நின்றவுடன் தொட்டால் சுட்டுப் பொசுக்கும்.

டெல்டாக்காரர் அந்தச் சூட்டை உணர்வது கொல்லிமலைக்குப் போகும்போதுதான். 70 கொண்டை ஊசி வளைவுகள். பிடியை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் வேகம் முழுவதும் சூடாக மாறி அந்த 1.8 மில்லிமீட்டர் தட்டில் சேரும். தட்டு விரிந்து நெளிந்து உரசத் தொடங்கும், ஆறியதும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு ஆறவைப்பது என்று இறங்குவதே சரி. சூட்டில் உரசும் டிஸ்க்கை மலையடிவாரத்திலேயே வளைத்துச் சரிசெய்ய முனைந்தால் ஆறியபின் அது நிஜமாகவே கோணலாக இருக்கும்.

ஹைட்ராலிக் பிரேக் டெல்டாவுக்கு அறிமுகமில்லாதது அல்ல. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். முட்டுக்கட்டை போட்டு மட்டுமே நிறுத்திய காலத்தைவிடத் தேரோட்டம் பாதுகாப்பாக நடக்க அது உதவுகிறது. சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக்கும் அதே தத்துவம்தான். ஒயருக்குப் பதில் எண்ணெய் தள்ளுகிறது, இரு பக்கப் பேட்டும் நகர்கின்றன. பிடியை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னேறும்போது முறுகி, அழுத்தம் போனதும் நிமிர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். தூசியும் சேறும் படிந்தால் இரண்டில் ஒரு பிஸ்டன் சோம்பிப்போகும், மற்றது மட்டும் முன்னே வரும், டிஸ்க் ஒரு பக்கம் தள்ளப்பட்டு உரசும். பேட்டைக் கழற்றி, பிஸ்டனின் ஓரத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் நெம்பியால் உள்ளே தள்ளி, மறுபடி வெளியே வரவைத்து இரண்டும் ஒன்றாக நகரும்வரை பழக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது விளையாட்டாகக்கூட யாரும் பிடியை அழுத்தக் கூடாது. பேட்கள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது.

எண்ணெய் விஷயத்தில் தவறு நேர்ந்தால் பிரேக்கே வீண். ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். பைக் பட்டறைகளில் கையோடு இருப்பது டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில். அதை இதில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும், பிஸ்டன் பின்வாங்கவே வாங்காது, உரசல் நிரந்தரமாகிவிடும். எந்த எண்ணெய் என்பது பிடியின் மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை வாசித்துவிட்டு ஊற்றச் சொல்லி வண்டிக்காரரே கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் மலையில்லாத ஊருக்கு டிஸ்க் எதற்கு என்ற கேள்வி வருகிறது. இரண்டு நன்மைகள் மெய்யானவை. நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். டிஸ்க் மழையிலும் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் மூழ்கி எழும் டெல்டாவுக்கு இது சிறிய விஷயமல்ல. பள்ளத்தில் விழுந்து ரிம் பெண்டானாலும் பிரேக் கெடாது. ஆனால் இந்த நன்மை ஓரளவு தரமான கேலிப்பருக்கே பொருந்தும். விலையைக் குறைப்பதற்காகத் தகடும் மெல்லிய ஸ்பிரிங்கும் கொண்டு செய்த டிஸ்க்கைவிட, ஷிமானோ 1996-இல் கொண்டுவந்த ‘வி’ வகை ரிம் பிரேக் எவ்வளவோ மேல். அதைத் திருவிடைமருதூர் கடைத்தெருவில் யாரும் பத்து நிமிடத்தில் சரிசெய்து தருவார்கள். குழந்தைக்குச் சைக்கிள் வாங்கும் பெற்றோர், டிஸ்க் இருக்கிறதா என்பதோடு, உள்பக்கப் பேட்டைத் திருக வசதி இருக்கிறதா, பேட் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். பேட் கிடைக்காத டிஸ்க்கில் காசைப் போடக் கூடாது.

தொழிற்சாலையிலிருந்து சைக்கிள் பாதி கோர்த்த நிலையில் அட்டைப் பெட்டியில் வருகிறது. சக்கரம், ஹேண்டில் பார், பெடல் இவற்றைப் பூட்டுவது கடையில். உரசல் அங்கேயே தொடங்கிவிடுகிற வண்டிகள் பல. ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் ஒயர் உறை படிந்து, பேட் பழகி, இடைவெளி மாறும். அப்போது ஒருமுறை இலவசமாகத் திருத்திக் கொடுப்பதை விற்கும் கடை தன் கடமையாகக் கொள்ள வேண்டும். டிஸ்க் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டதா, பேட்டின் கனம் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டதா என்றும் அப்போதே பார்த்துச் சொல்லலாம். அந்த அளவுக்குக் கீழே போனபின் எந்தத் திருத்தமும் பயன்படாது, மாற்றத்தான் வேண்டும். இதற்குத் தேவையான ஆலன் கீ செட், டி25 சாவி, பிளாஸ்டிக் நெம்பி, ஒரு பாட்டில் ஆல்கஹால், ஒரு வெர்னியர் அளவி எல்லாம் ஒரு சிறிய தகரப் பெட்டிக்குள் அடங்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்தப் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளும் பட்டறைக்கு, மழை தொடங்கும் ஐப்பசிவரை வேலைக்குக் குறைவிருக்காது.